திரும்பி வந்த பந்து

ஸ்காட்லாந்துத் தத்துவவாதியான டேவிட் ஹ்யூம், மனித அறிதலைக் குறித்து 1748-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசையை நம்முன் வைக்கிறார். ஒரு பந்து இன்னொரு பந்தை நோக்கி நேர்கோட்டில் உருண்டு செல்கிறது. மோதியதும் இரண்டாவது பந்து நகரும் என்று நாம் உறுதியாக எதிர்பார்க்கிறோம். இந்த உறுதி நமக்கு எங்கிருந்து வந்தது என்பதே அவருடைய கேள்வி. இரு பந்துகளும் மோதிய இடத்திலேயே அசைவற்று நின்றுவிடலாகாதா? முதல் பந்து வந்த வழியே நேராகத் திரும்பிவிடலாகாதா? அல்லது ஏதேனும் ஒரு திசையில் தெறித்து ஓடலாகாதா? இவற்றில் எதுவும் தர்க்கத்துக்கு முரணானதல்ல. பழக்கம் ஒன்றே நம்மை ஒரு முடிவின் பக்கம் சாய்க்கிறது என்கிறார் ஹ்யூம்.

தத்துவம் பயில்வோர் இந்தப் பகுதியைக் காரண காரியத் தொடர்பைப் பற்றிய விவாதமாகவே வாசித்து வந்திருக்கிறார்கள். அது சரியான வாசிப்புதான். ஆனால் அதே பகுதியைக் கையில் கோலுடன் மேசையருகே நிற்பவனின் கண்களால் வாசித்தால் வேறொரு வியப்பு நமக்குக் காத்திருக்கிறது. எண்ணிப் பார்க்க முடியும், ஆயினும் அனுபவத்தில் கண்டதில்லை என்ற பொருளில்தான் ஹ்யூம் அந்த உதாரணங்களை அடுக்கினார். அவர் மறைந்து ஒரு தலைமுறை கழிவதற்குள் பாரிஸில் ஒரு மனிதர் முதல் பந்தை வந்த வழியே நேராகத் திரும்ப வைத்துக் காட்டினார். தாம் விரும்பிய திசையில் தெறித்து ஓடவும் வைத்தார். தத்துவவாதியின் கற்பனை, ஆட்டக்காரனின் கைத்திறனாக மாறிய கதை அது. இன்று பூல் ஆடக் கற்றுக்கொள்ளும் எவரும் முதல் சில வாரங்களுக்குள் செய்ய முயல்வதும் அதைத்தான்.

வெள்ளைப் பந்தைக் கட்டுக்குள் வைப்பது என்ற இந்தச் சிறிய கலைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் ஒரு சிறைவாசி வருகிறார், ஒரு கணித மேதை வருகிறார், சுண்ணத்தூள் விற்ற ஒருவர் வருகிறார், நம் உதகமண்டலமும் வருகிறது. மனிதன் ஒரு பொருளின் மீது முழு ஆளுமை பெறும்போது என்ன நடக்கிறது என்ற கேள்வியும் அந்த வரலாற்றினூடே தொடர்ந்து வருகிறது. அந்தக் கேள்விக்காகவே இதை எழுதத் தலைப்பட்டோம்.

*

பில்லியர்ட்ஸ் என்பது புல்தரையில் ஆடப்பட்ட பந்தாட்டமொன்று வீட்டுக்குள் குடிபுகுந்ததன் விளைவு. மேசை மீது விரிக்கப்படும் துணி பச்சையாக இருப்பது அந்தப் புல்லின் எஞ்சிய நினைவு என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அது ஐரோப்பிய மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்காக நன்றாக வேரூன்றிவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில் எகிப்திய அரசி தன் தோழியைப் பில்லியர்ட்ஸ் ஆட அழைக்கிறாள். கிளியோபாட்ரா காலத்தில் அப்படியோர் ஆட்டம் இல்லை. ஆனால் நாடகம் பார்த்த லண்டன்வாசிகளுக்கு அந்த அழைப்பு இயல்பாகவே ஒலித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவ்வாட்டத்தின் விதிகளைச் சார்ல்ஸ் காட்டன் 1674-இல் தம் விளையாட்டுக் கையேட்டில் அச்சிட்டார்.

அக்காலத்தில் பந்தை அடிக்கப் பயன்பட்டது இன்றைய கூர்ங்கோல் அல்ல. முனையில் கட்டை பொருத்தப்பட்ட, சிறு மண்வெட்டி போன்ற 'மேஸ்' என்ற கருவி. அதைத் தரையில் துடைப்பம் தள்ளுவதைப் போல மேசை மீது வைத்துப் பந்தைத் தள்ளுவார்கள். பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் அந்த அகலமான தலையால் அதைத் தொட முடியாது. அப்போது கருவியைத் திருப்பிப் பிடித்து மெல்லிய வால் முனையால் குத்துவார்கள். வாலுக்குப் பிரெஞ்சு மொழியில் 'க்யூ' என்று பெயர். இடர் நேரத்தில் மட்டும் உதவிய அந்த வால் மெல்ல மெல்லத் தலையை வென்று தனிக்கருவியாயிற்று. இன்று உலகமெங்கும் அந்தக் கோலும், அதனால் அடிக்கப்படும் வெள்ளைப் பந்தும் அந்த வாலின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

வால் வென்றது, ஆயினும் ஒரு குறை இருந்தது. அதன் முனை வெறும் மரம். வழுவழுப்பான தந்தப் பந்தின் நடுப்புள்ளியை விட்டுச் சற்றே விலகி அடித்தாலும் முனை வழுக்கிவிடும். ஆகவே ஆட்டக்காரன் எப்போதும் நடுவிலேயே அடிக்க வேண்டியிருந்தது. நடுவில் அடிபட்ட பந்து சற்றுத் தூரம் சறுக்கிச் சென்று, பிறகு உருளத் தொடங்கி, மோதி, அதன் பின் தன் போக்கில் போகும். மோதிய பிறகு அது எங்கே நிற்கும் என்பதில் ஆட்டக்காரனுக்கு இருந்த அதிகாரம் மிகச் சிறியது. ஹ்யூம் பார்த்த பந்து அத்தகையதுதான்.

*

பிரான்சுவா மெங்கோ பிரெஞ்சுக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். 1771-இல் பிறந்தவர். புரட்சிக்குப் பிந்தைய கொந்தளிப்பான ஆண்டுகளில் பாரிஸை அடுத்த பிசேத்ர் சிறையில் அவர் அடைக்கப்பட்டிருந்தார். அங்கே பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று இருந்தது. வேறெதற்கும் வழியில்லாத நாட்களில் அந்த மேசையையே தன் பள்ளியாக்கிக்கொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. விடுதலை நாள் வந்தபோது, ஆய்வு முடியவில்லை, இன்னும் சில காலம் உள்ளேயே இருக்க அனுமதியுங்கள் என்று அவர் கேட்டதாக ஒரு கதையும் உலவுகிறது. கதை என்றே அதைக் கொள்வோம். ஆனால் அப்படியொரு கதை ஏன் பிறந்தது என்பது நமக்குப் புரிகிறது. சுவருக்குள் அடைபட்ட ஒருவன் நான்கு விளிம்புகளுக்குள் அடைபட்ட ஒரு பந்துக்குச் சுதந்திரம் கற்பித்தான் என்பது மக்களின் மனத்தைத் தைத்திருக்க வேண்டும்.

மெங்கோ செய்தது மிக எளிய காரியம். கோலின் முனையில் ஒரு சிறு தோல்துண்டை ஒட்டினார். தோல் சற்று அமுங்கும், பந்தைப் பற்றிக்கொள்ளும். இதனால் பந்தின் நடுவை விட்டு விலகி மேலும் கீழும் பக்கவாட்டிலும் வழுக்காமல் அடிக்க முடிந்தது. விலகி அடித்தால் பந்து முன்னேறுவதோடு சுழலவும் செய்கிறது. கீழே அடித்தால் பின்னோக்கிச் சுழன்றபடியே முன்னோக்கிச் செல்கிறது. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றி விடும் நம் சிறுவர்கள் சுழற்சியின் இந்த ரகசியத்தைக் கைகளால் அறிவார்கள். ஐரோப்பியப் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அது மெங்கோவின் தோல்துண்டு வழியாக வந்து சேர்ந்தது. கோலை ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து குத்தினால் பந்து வளைந்து செல்லும் என்பதையும் அவர் காட்டினார். 1827-இல் தம் அடிமுறைகளைப் படங்களுடன் பாரிஸில் நூலாக வெளியிட்டார். லண்டனில் மேசை செய்து விற்ற ஜான் தர்ஸ்டன் 1830-இல் அதன் ஆங்கில வடிவத்தை வெளியிட்டார். மெங்கோ 1847-இல் ராட்டர்டாமில் இறந்தார்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் என்பவர் பில்லியர்ட்ஸ் அறை ஒன்றில் புள்ளிகளைக் குறிக்கும் பணியில் இருந்தார். பந்தைப் பக்கவாட்டில் அடித்துச் சுழல வைக்கும் வித்தை அவர் கைக்கு வந்திருந்தது. அது எப்படி என்று வியந்து கேட்ட கனவான்களுக்கு, தம்மிடம் ஒரு 'திருகுத்தூள்' இருக்கிறது, அதைக் கோலின் முனையில் தடவினால் பந்து சுழலும் என்று சொல்லிச் சிறு டப்பாக்களில் அடைத்து நல்ல விலைக்கு விற்றார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. டப்பாவில் இருந்தது வெறும் சுண்ணத்தூள்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். கார் விற்றது முழுப் பொய்யல்ல. தோல்முனையில் தூள் தடவினால் உராய்வு கூடுகிறது. வழுக்காமல் இன்னும் விலகி அடிக்க முடிகிறது. இன்று உலகின் எந்தப் பூல் அறையிலும் ஒவ்வோர் அடிக்கு முன்பும் ஆட்டக்காரர்கள் சிறு நீலக் கட்டியைக் கோலின் முனையில் தேய்ப்பதைக் காணலாம். கார் சொன்ன பொய் ஒன்றுதான். வித்தை தூளில் இருக்கிறது என்றார். அது கையில் இருந்தது.

மேசையும் அந்த ஆண்டுகளிலேயே மாறியது. தர்ஸ்டன் 1826-இல் மரப்பலகைக்குப் பதில் கற்பலகையைத் தளமாக்கினார். 1835-இல் விளிம்புகளுக்கு ரப்பர் வந்தது. அந்த ரப்பர் குளிரில் இறுகிவிடும். 1845-இல் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகே அக்குறை தீர்ந்தது. தோல், சுண்ணத்தூள், கல், ரப்பர். இந்த நான்கும் சேர்ந்தபோது, இருபதாண்டுகளுக்குள் ஓர் ஆட்டம் வேறோர் ஆட்டமாகிவிட்டது.

*

கை கண்டதைக் கணிதம் விளக்க வந்தது 1835-இல். காஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ் என்ற பெயரை நம்மில் பலர் புவியியல் பாடத்தில் கேள்விப்பட்டிருப்போம். வங்கக்கடலில் உருவாகும் புயல்கள் ஏன் எப்போதும் இடஞ்சுழியாகவே சுழல்கின்றன என்பதை விளக்கும் விசை அவர் பெயரால் வழங்குகிறது. சுழலும் அமைப்புகளைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய அதே ஆண்டில் அவர் பில்லியர்ட்ஸின் விளைவுகளைப் பற்றி முழுநீளக் கணித நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

அந்நூல் வழியாகவும் பிற்கால இயற்பியல் வழியாகவும் நமக்குக் கிடைக்கும் சித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கலாம். பந்தின் மையத்துக்கு மேலே, அதன் ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் கிடைமட்டமாக அடித்தால் அது சற்றும் சறுக்காமல் முதல் கணத்திலிருந்தே உருண்டு செல்லும். அதற்குக் கீழே அடித்தால் முதலில் சறுக்கும். துணியின் உராய்வு அதை மெல்ல உருளலுக்குக் கொண்டுவரும். பந்தின் மையத்துக்குக் கீழே அடித்தாலோ அது பின்சுழற்சியோடு சறுக்கும். உராய்வு அந்தப் பின்சுழற்சியை நொடிக்கு நொடி தின்றுகொண்டே வரும். முதலில் பின்சுழற்சி, பிறகு சுழற்சியே இல்லாத ஒரு கணம், அதன் பின் முன்னுருளல். ஒவ்வோர் அடியும் இந்த மூன்று பருவங்களின் வழியாகப் பயணிக்கிறது. வெள்ளைப் பந்து எந்தப் பருவத்தில் இருக்கும்போது எதிர்ப்பந்தைச் சந்திக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

நேருக்கு நேர் மோதும்போது முன்னேறும் வேகம் அநேகமாக முழுவதும் எதிர்ப்பந்துக்குப் போய்விடுகிறது. ஆனால் சுழற்சி போவதில்லை. அது வெள்ளைப் பந்திடமே தங்கிவிடுகிறது. பந்து ஒரு கணம் நின்ற இடத்தில் சுழல்கிறது. பின்சுழற்சி எஞ்சியிருந்தால் துணியைப் பற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புகிறது. சுழற்சி தீர்ந்த கணத்தில் மோதியிருந்தால் ஆணியடித்தாற்போல் அங்கேயே நிற்கிறது. உருண்டு வந்து மோதியிருந்தால், கணநேரம் தயங்கிப் பின் தன் பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு முன்னே செல்கிறது. ஹ்யூம் அடுக்கிய சாத்தியங்களுக்கு ஒருவகையில் இதுதான் விடை. பந்து திரும்புவதா, நிற்பதா, தொடர்வதா என்பது மோதலுக்கு முன்பே அதனுள் எழுதப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு மூன்றும் ஒரே பந்தாகத் தோன்றும். உள்ளே சுழல்வது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சாய்வாக மோதும்போது அழகு இன்னும் கூடுகிறது. சுழற்சியற்றுச் சறுக்கி வரும் வெள்ளைப் பந்து, எதிர்ப்பந்து செல்லும் திசைக்குச் செங்குத்தாகப் பிரிந்து போகிறது. உருண்டு வரும் பந்தும் முதலில் அந்தச் செங்குத்துக் கோட்டில்தான் கிளம்பும். ஆனால் அதனுள் மிஞ்சிய முன்சுழற்சி அதை முன்பக்கமாக வளைக்கும். அந்த வளைவு ஒரு பரவளையம் என்று கொரியோலிஸ் நிறுவினார். எறிந்த கல் மண்ணில் விழும் பாதையும் பரவளையம்தான். அதே வடிவம், கிடைமட்டமான பச்சைத் துணியின் மீது. உருளும் பந்து எதிர்ப்பந்தில் ஏறத்தாழக் கால்பங்கிலிருந்து முக்கால்பங்கு வரை எங்கு பட்டாலும் தன் பழைய பாதையிலிருந்து சுமார் 30 பாகையே விலகும் என்பது இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் இன்னொரு விந்தை. ஆட்டக்காரர்கள் இதைக் கணிதம் அறியாமலே விரல்களை விரித்து அளந்து பயன்படுத்துகிறார்கள்.

*

இவ்வளவு ஆளுமை எதற்கு? குழியில் பந்தைத் தள்ளுவதுதானே ஆட்டம், அதற்கு எதிர்ப்பந்தைக் குறிபார்த்தால் போதாதா என்று கேட்கலாம். கேரம் ஆடிப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. கேரமில் காயை விழுத்தியதும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து நமக்கு வாகான இடத்தில் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வோர் அடியும் புதிய தொடக்கம். பூலில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. நீங்கள் செய்து முடித்த செயலின் எச்சத்தின் மீது நின்றுகொண்டுதான் அடுத்த செயலைச் செய்ய வேண்டும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் ஒரு பந்தை அடிக்கும்போது அதைப் பற்றி மட்டும் நினைப்பதில்லை. அதன் பிறகு எங்கே நிற்கப்போகிறோம், அங்கிருந்து எதை அடிப்போம், அதன் பின் எங்கே என்று மூன்றடி தள்ளியே அவன் மனம் இருக்கிறது. பந்தை விழுத்துவது பாதி ஆட்டம். எங்கே எஞ்சி நிற்கிறோம் என்பது மறுபாதி.

இதன் உச்சத்தை அமெரிக்காவில் ஆடப்பட்ட 'ஸ்ட்ரெய்ட் பூல்' என்ற வகையில் காணலாம். பதினைந்து பந்துகளில் பதினான்கை விழுத்திய பிறகு கடைசிப் பந்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, விழுந்த பதினான்கையும் மீண்டும் முக்கோணமாக அடுக்குவார்கள். ஆட்டக்காரன் தனித்து நிற்கும் அந்தப் பந்தை விழுத்த வேண்டும். அதே அடியில் வெள்ளைப் பந்து போய் முக்கோணத்தைக் கலைக்கவும் வேண்டும். கலைத்தால்தான் ஆட்டம் தொடரும். அதாவது முந்தைய சுற்றின் நடுவிலேயே எந்தப் பந்தைக் கடைசியாக மிச்சம் வைப்பது, வெள்ளைப் பந்தை அதற்கு எந்தக் கோணத்தில் கொண்டு நிறுத்துவது என்று திட்டமிட்டாக வேண்டும்.

ஃபிலடெல்ஃபியாவில் 1913-இல் பிறந்த வில்லி மொஸ்கோனியின் தந்தை பில்லியர்ட்ஸ் அறை நடத்தியவர். மகன் இந்த ஆட்டத்துக்கு வருவதை அவர் விரும்பவில்லை. பந்துகளைப் பூட்டி வைத்தார். சிறுவன் சமையலறை உருளைக்கிழங்குகளை மேசையில் பரப்பித் துடைப்பக் கழியால் ஆடிப் பழகினான். அந்தச் சிறுவன் வளர்ந்து 1941-க்கும் 1957-க்கும் இடையே பதினைந்து முறை உலகப் பட்டம் வென்றார். 1954 மார்ச் 19 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளை விழுத்தினார். முக்கோணத்தை ஏறத்தாழ 37 முறை புதிதாக அடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சரியான பந்து எஞ்சியிருந்தது, வெள்ளைப் பந்து சரியான இடத்தில் நின்றது. அதைப் படம்பிடித்தவர் எவருமில்லை. பார்த்தவர்கள் கையொப்பமிட்ட சான்று மட்டும் உண்டு. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து 2019-இல் ஜான் ஷ்மிட் என்பவர் 626 பந்துகளை விழுத்தி அதைக் கடந்தார். பின்னர் அதையும் கடந்துவிட்டார்கள்.

வால்டர் டெவிஸ் 1959-இல் எழுதிய 'தி ஹஸ்லர்' நாவலையோ, 1961-இல் வந்த அதன் திரைவடிவத்தையோ அறிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. அந்தத் திரைப்படத்துக்கு ஆட்ட ஆலோசகர் மொஸ்கோனியே.

*

இனி நாம் தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். முழு ஆளுமை வந்த பிறகு என்ன ஆகிறது?

வரலாறு தரும் பதில் சற்று விசித்திரமானது. குழியில்லாத மேசையில் ஆடப்படும் காரம் பில்லியர்ட்ஸில் வெள்ளைப் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் புள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரு பந்துகளையும் விளிம்போரமாகச் சேர்த்து வைத்து, குழந்தையைத் தாலாட்டுவதைப் போல மெல்லத் தட்டித் தட்டி நூற்றுக்கணக்கில் புள்ளி குவிக்கக் கற்றுக்கொண்டார்கள். பார்ப்பவர்களுக்கு அலுத்துப் போயிற்று. மேசை மீது கோடுகள் கிழித்து, ஒரு கட்டத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் புள்ளி எடுக்கக் கூடாது என்று விதி செய்தார்கள்.

ஆங்கில பில்லியர்ட்ஸிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம் 1932 ஜனவரியில் லண்டன் தர்ஸ்டன் அரங்கில் ஜோ டேவிஸுக்கு எதிராக ஒரே முறையில் 4,137 புள்ளிகள் எடுத்தார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர் கோல் ஓயவில்லை. மூன்று பந்துகளையும் ஒரு கையகல இடத்துக்குள் வைத்துக்கொண்டு மேசை நெடுக நகர்த்திச் செல்வது அவருடைய முறை. அக்காலத்தின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான டேவிஸ் அவ்வளவு நேரமும் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எதிராளிக்கு வேலையே இல்லாத ஆட்டம். விதிகளைத் திருத்தினார்கள். ஆனாலும் பொதுமக்களின் ஆர்வம் வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லி அதே 1930-களின் தொடக்கத்தில் தர்ஸ்டன் அரங்கின் அமைதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெளியே உலகம் கலங்கிக் கிடக்கையில் உள்ளே மூன்று பந்துகள் ஒழுங்காக உருளும் ஒரு புகலிடமாக அவருக்கு அது தோன்றியது. 1940 அக்டோபரில் அந்த அரங்கின் மீது குண்டு விழுந்தது. மெங்கோவின் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்த தர்ஸ்டனின் பெயர் தாங்கிய அரங்கு அது.

மக்களின் ஆர்வம் நகர்ந்தது ஸ்னூக்கரின் பக்கம். அந்த ஆட்டம் பிறந்தது இந்தியாவில். 1875-இல் ஜபல்பூரில் மழைக்காலச் சலிப்பில் பூல் வகையொன்றை ஆடிக்கொண்டிருந்த ஆங்கிலேய இளம் அதிகாரிகள், மேசையில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான நெவில் சேம்பர்லின் பின்னர் சென்னை மாகாணப் படைத்தலைவரின் அலுவலர்களில் ஒருவராக உதகமண்டலம் வந்தார். அங்குள்ள கிளப்பில்தான் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. தம் முதுமையில், 1938-இல், ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதி இந்தப் பிறப்பு வரலாற்றை அவர் உறுதிப்படுத்தினார். இவர் பின்னாளைய பிரதமர் சேம்பர்லின் அல்லர்.

ஸ்னூக்கர் வெள்ளைப் பந்தின் கலைக்கு ஒரு புதிய பொருளைத் தந்தது. பந்தைத் தனக்கு வாகாக நிறுத்துவது ஒரு திறன் என்றால், எதிராளிக்கு எதுவும் தெரியாதபடி இன்னொரு பந்தின் பின்னே ஒளித்து நிறுத்துவது அதற்கு இணையான திறன். ஆட்டத்தின் பெயரே அந்தச் செயலின் பெயராகவும் ஆயிற்று. மேசை பெரியது, பந்துகள் பல, தடைகள் பல. இங்கே தாலாட்ட இடமில்லை. அன்று நாற்காலியில் அமர்ந்திருந்த ஜோ டேவிஸ்தான் இதன் முதல் பேரரசர். 1927 முதல் 1946 வரை நடந்த பதினைந்து உலகப் போட்டிகளையும் அவரே வென்றார். பில்லியர்ட்ஸில் கற்ற பந்து ஆளுமையை ஸ்னூக்கருக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பழைய ஆட்டமும் இந்தியாவைக் கைவிடவில்லை. 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ்தான் எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர்.

*

இந்த ஆளுமைக்கு விலை இருந்தது. அதைக் கொடுத்தவை யானைகள். சுழற்சியின் நுட்பங்கள் கூடக்கூட ஒன்றுபோல் எடையும் வட்டமும் கொண்ட பந்துகள் தேவைப்பட்டன. தந்தத்தின் நடுநரம்பு பந்தின் நடுவே ஓடும்படி கடைந்தால்தான் அது சீராக உருளும். ஆகவே ஒரு தந்தத்தில் சில நல்ல பந்துகளே தேறின. அவையும் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் வட்டம் குலைந்துவிடும். 1863-இல் அமெரிக்க மேசை நிறுவனமொன்று தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்போருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்தது. அதனால் தூண்டப்பட்டு முயன்ற ஜான் வெஸ்லி ஹயட், 1870 வாக்கில் செல்லுலாய்டை உருவாக்கினார். அவருடைய தொடக்கப் பந்துகள் மோதும்போது சில சமயம் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒலி எழும்பியதாம். கொலராடோவில் மதுக்கடை நடத்திய ஒருவர், எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கடையிலுள்ள அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள் என்று கடிதம் எழுதியதை ஹயட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இன்றைய பந்துகள் 1907-இல் பேக்லண்ட் கண்டறிந்த பிசின் வகையின் வழிவந்தவை. பில்லியர்ட்ஸ் பந்துக்கான தேடலில் பிறந்த அந்தச் செல்லுலாய்டின் மீதுதான் பின்னர் உலகத் திரைப்படங்கள் எல்லாம் படமாயின என்பதை எண்ணும்போது, காரண காரியத்தை அவ்வளவு எளிதாக நம்பாதீர்கள் என்ற ஹ்யூமின் எச்சரிக்கை வேறொரு தொனியில் நமக்குக் கேட்கிறது.

பூல் அறைகள் நம் சமூகத்தில் நற்பெயர் பெற்றவையல்ல. அமெரிக்காவிலும் நெடுங்காலம் அப்படித்தான். பந்தயப் பணத்தின் தொகுப்பைக் குறித்த சொல்லே ஆட்டத்துக்குப் பெயராயிற்று. அந்த நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை. ஆயினும் அங்கே ஒருவன் குனிந்து கோலை நீட்டும் கணத்தைக் கவனித்தால், நாம் இலக்கியத்தில் தேடும் ஒன்று அங்கேயும் இருப்பதைக் காணலாம். அவன் பார்வை விழப்போகும் பந்தில் இருக்கிறது. மனமோ, விழுந்த பின் தனக்கு எஞ்சப்போகும் இடத்தில் இருக்கிறது.

லிண்ட்ரம் எல்லாப் பந்துகளையும் தன் கைக்குள் கொண்டுவந்தபோது ஆட்டம் உயிர் இழந்தது. விதி செய்தவர்கள் வேண்டுமென்றே தடைகளைக் கூட்டி அதை மீட்டார்கள். கட்டுப்பாடு என்பது தவறும் சாத்தியம் உள்ளவரையில்தான் கலையாக இருக்கிறது போலும். மெங்கோவின் காலத்துக்கும் நமக்கும் இடையே இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பந்து ஏன் திரும்புகிறது என்பதற்குச் சமன்பாடுகள் இருக்கின்றன. இருந்தும், முதல்முறையாக ஒருவன் பந்தின் கீழ்ப்பகுதியில் அடித்து, அது மோதி, ஒரு கணம் நின்று, தன்னை நோக்கி மெல்லத் திரும்பி வருவதைப் பார்க்கும்போது அவன் முகத்தில் தோன்றும் வியப்பு அப்படியே இருக்கிறது. அப்படியும் நடக்கக்கூடும் என்று ஹ்யூம் எழுதியது அந்த வியப்பை அறியாமல்தான்.